பதிவேட்டில் பெயரில்லாத மக்கள்: 18ஆம் நூற்றாண்டு பிரான்சும் மத சகிப்பும்

1788ஆம் ஆண்டு தெற்கு பிரான்சின் ஊர் நீதிமன்றங்களில் அதுவரை யாரும் பார்த்திராத ஒரு கூட்டம் சேர்ந்தது. தலை நரைத்த கணவனும் மனைவியும் வளர்ந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். சிலர் பேரப்பிள்ளைகளையும் அழைத்து வந்தார்கள். நீதிபதியின் முன்னால் நின்று, தாங்கள் இருவரும் கணவன் மனைவி என்றும், இவர்கள் தங்களுக்குப் பிறந்தவர்கள் என்றும் சாட்சிகளோடு சொன்னார்கள். எழுத்தர் எழுதிக்கொண்டார். முப்பது, நாற்பது ஆண்டுகள் ஒரே வீட்டில் குடும்பம் நடத்தியவர்களுக்கு அன்றைக்குத்தான் சட்டப்படி கல்யாணம் ஆனது.

இவர்கள் புராட்டஸ்டன்டுகள். ஒரு வருடம் முன்புவரை அரசாங்கத்தின் கணக்கில் இவர்கள் கிடையாது. பிரான்சில் புராட்டஸ்டன்ட் என்று ஒருவருமே இல்லை, எல்லோரும் கத்தோலிக்கராக மாறிவிட்டார்கள் என்பதுதான் நூறு ஆண்டுகளாகச் சட்டம் சொல்லிவந்த கதை. இல்லாதவர்களுக்கு ஏது கல்யாணம், ஏது வாரிசு?

ஐரோப்பாவில் மத சகிப்பு வளர்ந்த வரலாற்றைப் பெரும்பாலும் சிந்தனையாளர்களின் கதையாகவே படிக்கிறோம். பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் எழுதினார், மக்கள் விழித்துக்கொண்டார்கள் என்று. அதில் உண்மை உண்டு. ஆனால் என் பார்வையில் இந்தக் கதையின் நடுவில் இருப்பது கத்தோலிக்கப் பங்குக்கோயிலில் இருந்த ஒரு தடித்த பதிவேடு. பிறந்தவர், மணந்தவர், இறந்தவர் ஆகிய மூவரையும் எழுதிவைக்கும் புத்தகம். அதில் யார் பெயரை எழுதலாம், யார் எழுதலாம் என்ற சண்டையைத் தொடர்ந்து போனால், சகிப்பு எந்த வழியாக வந்தது என்பது தெளிவாகத் தெரியும்.

சட்டம் செய்த மாயம்

1598இல் நான்காம் ஹென்றி மன்னர் வெளியிட்ட நாந்த் சாசனம் பிரான்சின் புராட்டஸ்டன்டுகளுக்குச் சில இடங்களில் வழிபடவும் பதவி வகிக்கவும் உரிமை கொடுத்தது. அவருடைய பேரன் பதினான்காம் லூயி, 1685 அக்டோபரில் அதை ரத்து செய்தார். அப்போது நாட்டில் ஏழெட்டு லட்சம் புராட்டஸ்டன்டுகள் இருந்திருக்கலாம். அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே, மதம் மாறாத வீடுகளில் குதிரைப்படை வீரர்களைக் குடியேற்றி, சோறு போடச் சொல்லி, பொருளை அழித்து, அடித்து உதைத்து மாற்றும் வேலை நடந்துவந்தது. படை வருகிறது என்ற செய்தி கேட்டதும் ஊர் ஊராக மதம் மாறிக் கையெழுத்திட்டார்கள். அந்தக் கையெழுத்துகளைக் காட்டித்தான், புராட்டஸ்டன்டுகளே இல்லை, இனி எதற்கு நாந்த் சாசனம் என்று அரசர் முடிவுகட்டினார்.

புதிய ஆணைப்படி போதகர்கள் பதினைந்து நாளில் நாட்டை விட்டுப் போக வேண்டும். ஆனால் சாதாரண சபை மக்கள் போகக் கூடாது. எல்லையைத் தாண்டும்போது பிடிபட்டால், ஆண்கள் அரசரின் கப்பல்களில் சங்கிலியோடு துடுப்பு வலிக்க வேண்டும், பெண்களுக்குச் சிறை. பிறக்கும் குழந்தைகளுக்குக் கத்தோலிக்கப் பங்குத்தந்தைதான் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும். இத்தனை காவலையும் மீறிச் சுமார் இரண்டு லட்சம் பேர் ஹாலந்து, இங்கிலாந்து, சுவிட்சர்லாந்து, பிராண்டன்பர்க் என்று தப்பிப் போனார்கள். மிச்சமிருந்தவர்களுக்குச் சட்டம் ஒரு பெயர் வைத்தது: 'புதிதாக மாறியவர்கள்'. அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் அதே பெயர்தான்.

இங்கேதான் பதிவேடு வருகிறது. பிரான்சில் 16ஆம் நூற்றாண்டிலிருந்தே பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் பதியும் வேலை பங்குத்தந்தையுடையது. அது கோயில் காரியமாகவும் இருந்தது, அரசாங்கக் காரியமாகவும் இருந்தது. ஞானஸ்நானம் பெற்ற பதிவுதான் பிறப்புச் சான்று. கோயிலில் நடந்த கல்யாணம்தான் கல்யாணம். அந்தப் பதிவு இல்லாவிட்டால் பிள்ளை முறைதவறிப் பிறந்தவன், அப்பாவின் நிலத்தில் அவனுக்குப் பங்கில்லை. தூரத்து உறவுக்காரன் ஒருவன் கத்தோலிக்கனாக இருந்தால், வழக்குப் போட்டுச் சொத்தைப் பிடுங்கிக்கொள்ள வழி இருந்தது. பல வீடுகளில் அது நடக்கவும் செய்தது.

சரி, பேருக்குக் கோயிலுக்குப் போய்த் தாலி கட்டுவதுபோல ஒரு சடங்கை முடித்துவிட்டு வந்துவிடலாமே என்று தோன்றலாம். பலர் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் பங்குத்தந்தைகளில் பலர் அதற்கு ஒப்பவில்லை. மாதக்கணக்கில் பூசைக்கு வா, பாவசங்கீர்த்தனம் செய், பழைய மதத்தை விட்டதாக எழுதிக் கொடு, அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். அவர்கள் பக்கத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். திருமணம் அவர்களுக்கு ஒரு அருட்சாதனம், இறையருளைத் தரும் புனிதச் சடங்கு. நம்பிக்கை துளியும் இல்லாத ஒருவனுக்கு அதைக் கொடுப்பது தெய்வநிந்தனை என்று மனதார நம்பிய சாமியார்கள் இருந்தார்கள். அரசு ஒரே ஆளிடம் இரண்டு வேலையைக் கொடுத்திருந்தது. ஒன்றைச் சரியாகச் செய்தால் மற்றது கெட்டது.

வனாந்தரத்தின் சபை

கோயிலுக்குப் போக மறுத்தவர்கள் மலைக்குப் போனார்கள். தெற்கு பிரான்சின் லாங்குடோக், செவென் மலைப்பகுதி, விவாரே ஆகிய இடங்களில் இரவு நேரத்தில், பள்ளத்தாக்குகளிலும் கைவிடப்பட்ட கல் குவாரிகளிலும் கூட்டங்கள் நடந்தன. எகிப்திலிருந்து வெளியேறிய இஸ்ரவேலரை நினைத்து, இந்தக் காலத்தை அவர்கள் 'வனாந்தரம்' என்று அழைத்தார்கள். செவென் மலைக்காரர்கள் 1702 முதல் 1704 வரை ஆயுதம் ஏந்தியும் பார்த்தார்கள். ரொட்டிக் கடையில் தொழில் பழகிய ழான் கவாலியே என்ற இளைஞன் அரசரின் படைத் தளபதிகளோடு பேச்சுவார்த்தை நடத்தும் அளவுக்கு அந்தப் போர் போனது. ஊர்களை எரித்துத்தான் அதை அடக்கினார்கள்.

அதற்குப் பிறகு வந்த தலைமுறை வேறு வழியைப் பிடித்தது. அந்துவான் கூர் என்ற இருபது வயது இளைஞர், 1715 ஆகஸ்டில் சில பேரை ரகசியமாகக் கூட்டி ஒரு புராட்டஸ்டன்ட் சபைச் சங்கக் கூட்டம் நடத்தினார். அடுத்த சில நாட்களில் வெர்சாயில் பதினான்காம் லூயி இறந்துபோனார். தன் நாட்டில் புராட்டஸ்டன்ட் சபையை ஒழித்துவிட்ட நம்பிக்கையோடு கண்ணை மூடிய அரசருக்கு, அதே நாட்களில் அது மறுபடி முளைத்த செய்தி தெரிந்திருக்க வழியில்லை. ஆயுதம் வேண்டாம், ஆவேசத் தீர்க்கதரிசனம் வேண்டாம், ஒழுங்கான சபை வேண்டும் என்பது கூரின் வழி. பிறகு சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் போதகர்களுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி உருவானது. அங்கே படித்து முடித்து பிரான்சுக்குத் திரும்பியவர்களில் பலர் தூக்குமேடைக்குப் போனார்கள்.

வெறும் கற்பனை ஆபத்து அல்ல அது. 1724 மே மாத ஆணைப்படி போதகர் பிடிபட்டால் மரணம். கூட்டத்துக்கு வந்த ஆணுக்கு ஆயுள் முழுவதும் கப்பல் துடுப்பு, பெண்ணுக்கு ஆயுள் சிறை. அதனால் வழிபாட்டுப் பொருள்கள்கூட ஒளித்துவைக்க வசதியாக உருமாறின. மடக்கித் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய பிரசங்க மேடை செய்தார்கள். நற்கருணைக்கு வருபவர் ஒற்றரல்ல என்று அடையாளம் காட்ட ஈயத்தில் வார்த்த சிறு வில்லைகள் கொடுத்தார்கள். போதகர்கள் சிறு நோட்டுகளில் ஞானஸ்நானமும் திருமணமும் எழுதிவைத்தார்கள். சட்டத்தின் கண்ணில் அந்த நோட்டு வெறும் காகிதம். பிடிபட்டால் அதுவே குற்றத்துக்குச் சாட்சி. இருந்தும் எழுதினார்கள். தங்கள் பிள்ளை பிறந்ததை எங்காவது ஒரு மனிதன் முறையாக எழுதிவைக்க வேண்டும் என்ற ஆசை அவ்வளவு ஆழமானது.

விவாரே மலையில் பிறந்த மரி துராண் என்ற பெண்ணை 1730இல் பிடித்தார்கள். வயது 19. அண்ணன் பியேர் துராண் தலைமறைவுப் போதகர், அவரை 1732இல் மோன்பெலியேயில் தூக்கிலிட்டார்கள். மரியை எக்மோர்த் நகரத்தின் கோன்ஸ்தான்ஸ் கோபுரத்தில் அடைத்தார்கள். சுற்றிலும் உப்பளமும் சதுப்பும், கொசு, காய்ச்சல். 38 ஆண்டுகள் அங்கே இருந்தார். மதத்தை விட்டுவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெளியே வந்திருக்கலாம். சொல்லவில்லை. உள்ளிருந்து கடிதங்கள் எழுதினார், கூட இருந்த பெண்களுக்கு உணவும் துணியும் கேட்டு. அந்தக் கோபுரத்தின் நடுவிலுள்ள கல் விளிம்பில் 'எதிர்த்து நில்' என்று பொருள்படும் ஒற்றைச் சொல் செதுக்கப்பட்டிருக்கிறது. அவர் செதுக்கியது என்றுதான் மரபாகச் சொல்கிறார்கள். 1768இல் விடுதலையானபோது அவருக்கு 56 வயது.

துலூஸ், 1762

இந்த ஊமைச் சண்டையை ஐரோப்பா முழுக்கக் கேட்கவைத்தது துலூஸ் நகரத்தில் நடந்த ஒரு சாவு. ழான் கலாஸ் துணி வியாபாரி, புராட்டஸ்டன்ட். மூத்த மகன் மார்க் அந்துவான் சட்டம் படித்தவன். வழக்கறிஞராக ஏற்றுக்கொள்ளப்பட வேண்டுமென்றால், இவன் கத்தோலிக்கன் என்று பங்குத்தந்தையிடமிருந்து சான்று வேண்டும். அது கிடைக்கவில்லை. 1761 அக்டோபர் 13 இரவு, வீட்டு மாடியில் குடும்பமும் ஒரு விருந்தாளியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மார்க் அந்துவான் எழுந்து கீழே போனான். பிறகு கடையில் பிணமாகக் கிடந்தான்.

குடும்பம் முதலில் யாரோ கொன்றுவிட்டதாகச் சொன்னது. பிறகு, தூக்கில் தொங்கியதைப் பார்த்ததாகச் சொன்னது. முதலில் மறைத்ததற்குக் காரணம் இருந்தது: தற்கொலை செய்தவரின் உடலைத் தெருவில் இழுத்துச் சென்று அவமானப்படுத்துவது அன்றைய சட்டம். ஆனால் வாசலில் கூடிய கூட்டத்தில் ஒரு குரல் கிளம்பிவிட்டது. மகன் கத்தோலிக்கனாக மாறவிருந்தான், அதனால் அப்பனே கொன்றுவிட்டான் என்று. நகர அதிகாரி அதைப் பிடித்துக்கொண்டார். மார்க் அந்துவான் மாற நினைத்ததற்கு ஆதாரமே கிடையாது. இருந்தும் அவனைக் கத்தோலிக்க முறைப்படி, ஒரு வேதசாட்சியைப்போலப் பெரிய ஊர்வலமாக அடக்கம் செய்தார்கள். அவனை வேதசாட்சி ஆக்கிய பிறகு, அவனைக் கொன்றவன் ஒருவன் வேண்டுமே. வழக்கு அந்தக் கணத்திலேயே முடிந்துவிட்டது.

துலூஸ் உயர் நீதிமன்றத்தில் 13 நீதிபதிகளில் 8 பேர் மரண தண்டனைக்கு வாக்களித்தார்கள். 1762 மார்ச் 10 அன்று, அறுபது வயதைத் தாண்டிய அந்த மனிதரைச் சக்கரத்தில் கட்டி எலும்புகளை முறித்தார்கள். வலியில் வேறு பெயர்களைச் சொல்வார் என்று எதிர்பார்த்தார்கள். தான் குற்றமற்றவன் என்று மட்டுமே கடைசிவரை சொன்னார். அதற்கு மூன்று வாரம் முன்புதான், அதே நகரத்தில் பிரான்சுவா ரோஷெத் என்ற போதகரைத் தூக்கிலிட்டிருந்தார்கள். பிரான்சில் மதத்துக்காகக் கொல்லப்பட்ட கடைசிப் போதகர் அவர். 1562இல் புராட்டஸ்டன்டுகளைக் கொன்று விரட்டியதை துலூஸ் ஆண்டுதோறும் விழாவாகக் கொண்டாடிவந்தது. 1762 அதன் இருநூறாவது ஆண்டு. இந்த மூன்றும் ஒரே ஊரில் ஒரே ஆண்டில் வந்து விழுந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை.

எல்லைக்கருகே ஃபெர்னேயில் இருந்த வால்டேருக்குச் செய்தி போனது. பிரெஞ்சு புராட்டஸ்டன்டுகளான கால்வின் மரபினர் மேல் அவருக்குத் தனி அன்பு எதுவும் கிடையாது. விசாரித்தார், கலாஸ் குற்றமற்றவர் என்று உறுதியானதும் மூன்று ஆண்டுகள் விடவில்லை. வழக்கறிஞர்களைப் பிடித்தார், விதவையை பாரிசுக்கு அனுப்பினார், அமைச்சர்களுக்கும் அரசவையினருக்கும் கடிதம் மேல் கடிதம் எழுதினார். 1763இல் சகிப்பைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். 1765 மார்ச் 9 அன்று கலாஸ் குற்றமற்றவர் என்று பாரிசில் ஒருமனதாகத் தீர்ப்பானது. அரசர் குடும்பத்துக்கு 36,000 லீவ்ர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) கொடுத்தார்.

அந்த நூலில் வால்டேர் புராட்டஸ்டன்டுகளுக்காக என்ன கேட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். பொது வழிபாட்டுக் கோயில் கேட்கவில்லை. பதவி கேட்கவில்லை. அவர்களுடைய திருமணம் செல்ல வேண்டும், பிள்ளைகளுக்கு முறையான நிலை வேண்டும், அப்பா சொத்து மகனுக்கு வர வேண்டும், உடலுக்குப் பாதுகாப்பு வேண்டும், இவ்வளவுதான். ஐரோப்பாவின் மிகத் துணிச்சலான பேனா கேட்டதும் பதிவேட்டில் ஓர் இடத்தைத்தான்.

வெளியூர் நிலவரம்

மற்ற நாடுகள் மேலானவை என்று சொல்லிவிட முடியாது. சால்ஸ்பர்க் பேராயர் 1731இல் இட்ட ஆணையால் சுமார் 20,000 புராட்டஸ்டன்டுகள் ஊரை விட்டுப் போனார்கள். ஆம்ஸ்டர்டாமில் கத்தோலிக்கர்கள் வீட்டு மாடிகளுக்குள் கோயில் கட்டி, தெருவுக்குத் தெரியாமல், அதிகாரிகளுக்குப் பணம் கொடுத்து வழிபட்டார்கள். இங்கிலாந்தில் 1753ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் குவேக்கர் என்ற சிறு கிறிஸ்தவப் பிரிவினருக்கும் யூதர்களுக்கும் மட்டும் விலக்குக் கொடுத்தது. கத்தோலிக்கரானாலும் மற்ற மாற்றுச் சபையாரானாலும் அரசுச் சபையான ஆங்கிலிக்கன் கோயிலில்தான் மணமுடிக்க வேண்டும். அது 1836 வரை மாறவில்லை. ஆஸ்திரியாவில் இரண்டாம் யோசேப்பு 1781இல் சகிப்பு ஆணை வெளியிட்டார். நூறு குடும்பங்கள் இருந்தால் ஜெபவீடு கட்டலாம். ஆனால் கோபுரம் கூடாது, மணி கூடாது, தெருவைப் பார்த்து வாசலும் கூடாது. இருக்கலாம், ஆனால் கண்ணில் படக் கூடாது.

நம் பக்கத்திலும் இதே நாடகம் வேடம் மாறி நடந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர்கள் புராட்டஸ்டன்டுகளில் ஒரு பிரிவான சீர்திருத்த சபைக்காரர்கள். அங்கே கத்தோலிக்கம்தான் தடைசெய்யப்பட்ட மதம். பாடசாலைத் தோம்பில், அதாவது பாடசாலைப் பதிவேட்டில், ஞானஸ்நானமும் விவாகமும் பதியப்பட்டன. அந்தப் பதிவு இல்லாமல் சொத்துரிமையும் உத்தியோகமும் சிக்கலாகும் என்பதால், வீட்டில் சைவராகவோ கத்தோலிக்கராகவோ இருந்தவர்கள் தோம்பில் கிறிஸ்தவரானார்கள். 1687இல் யோசேப் வாஸ் அடிகள் கோவாவிலிருந்து ஏழைக் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து, சில்லாலையில் மறைந்திருந்து பூசை வைத்தார். அந்த நேரத்தில் லாங்குடோக்கில் புராட்டஸ்டன்ட் போதகர்கள் மலைக்குள் ஒளிந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் எழுதுகோல் அரசின் சபையிடம் இருந்தது.

முதலில் சாவு, பிறகு கல்யாணம்

பிரான்சின் சட்டத்தில் முதல் விரிசல் விழுந்தது சாவு விஷயத்தில். 1736இல் ஓர் அரச ஆணை, கோயில் அடக்கம் மறுக்கப்பட்டவர்களை நீதிபதியின் அனுமதியோடு புதைக்கலாம் என்றது. புராட்டஸ்டன்ட் என்ற சொல்லை அது பயன்படுத்தவில்லை. ஆனால் யாரை நினைத்து எழுதியது என்பது எல்லோருக்கும் தெரியும். கோயில் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லாதவர்கள் தங்கள் தோட்டத்திலும் வயல் ஓரத்திலும் புதைத்தார்கள். செவென் பகுதியில் பண்ணை வீடுகளுக்குப் பக்கத்தில் சைப்ரஸ் மரங்களுக்கடியில் இருக்கும் குடும்பக் கல்லறைகள் அந்தப் பழக்கத்தின் மிச்சம்.

கல்யாணம்தான் கடினமாக இருந்தது, ஏனென்றால் அதில் சொத்து இருந்தது. ஆனால் 1760களுக்குப் பிறகு நீதிமன்றங்களே மெல்ல மனம் மாறின. வனாந்தரத்தில் நடந்த கல்யாணம் செல்லாது என்று தூரத்து உறவுக்காரன் வழக்குப் போட்டால், ஊரறியக் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களை இப்போது வந்து கேள்வி கேட்காதே என்று நீதிபதிகள் தள்ளிவிட ஆரம்பித்தார்கள். சட்டம் மாறுவதற்கு முன்பே அதைச் செயல்படுத்துகிறவர்களுக்கு வெட்கம் வந்துவிட்டது.

பணமும் தன் பங்கைச் செய்தது. நீம் நகரத்தின் பட்டு வணிகத்தில் புராட்டஸ்டன்டுகள் முக்கியமானவர்கள். 1777இல் நாட்டின் நிதிப் பொறுப்பையே ஜெனீவாவில் பிறந்த புராட்டஸ்டன்டான நெக்கரிடம் கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பதவிக்குரிய முழுப் பெயரை அவருக்குக் கொடுக்க முடியவில்லை. மதம் குறுக்கே நின்றது.

கடைசியில் காரியத்தை முடித்தவர் அரசரின் அமைச்சராக இருந்த மால்செர்ப். வால்டேரைப்போலப் புகழ் பெற்றவரல்ல, ஆனால் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த மனிதர் இவர்தான். 1785இலும் 1786இலும் புராட்டஸ்டன்டுகளின் திருமணத்தைப் பற்றி இரண்டு நீண்ட குறிப்புகளை எழுதினார். அரசின் பழைய காகிதங்களைத் தோண்டி, இந்தச் சட்டச் சிக்கல் எப்படி உருவானது என்று பொறுமையாகக் காட்டினார். நீம் போதகர் போல் ரபோவின் மகன், அவரும் போதகரான ரபோ சேந்தெத்தியேன், பாரிசுக்கு வந்து அவரோடு சேர்ந்து வேலை செய்தார். அமெரிக்க விடுதலைப் போரிலிருந்து திரும்பியிருந்த தளபதி லஃபாயெத்தும் துணை நின்றார். 1787 நவம்பரில் பதினாறாம் லூயி வெர்சாய் சாசனத்தில் கையெழுத்திட்டார்.

அந்தச் சாசனம் வழிபாட்டுச் சுதந்திரம் தரவில்லை. பொது வழிபாடு கத்தோலிக்கருக்கு மட்டும்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறது. நீதித்துறைப் பதவியும் கிடையாது. அது கொடுத்தது ஒன்றே ஒன்று: கத்தோலிக்கரல்லாதவர்கள் பங்குத்தந்தையிடமோ, விரும்பினால் அரசு நீதிபதியிடமோ பிறப்பு, திருமணம், இறப்பைப் பதியலாம். பங்குத்தந்தை இங்கே எழுத்தர் மட்டும்தான், ஆசீர்வாதம் எதுவும் கிடையாது. ஏற்கெனவே சேர்ந்து வாழ்பவர்கள் ஓராண்டுக்குள் வந்து பதிந்துகொள்ளலாம். அந்த ஓராண்டில்தான் நரைத்த தலைகள் நீதிமன்ற வாசலில் வந்து நின்றன.

சகிப்பு வேண்டாம் என்றவர்

தமிழில் 'சகிப்பு' என்ற சொல்லைக் கேட்டாலே அதில் ஒரு வலி இருக்கிறது. வலியைச் சகிக்கிறோம், வெயிலைச் சகிக்கிறோம். அன்றைய பிரெஞ்சிலும் அந்தச் சொல்லுக்கு அதே மணம்தான். ஒழிக்க முடியாத ஒரு கெடுதலைப் பொறுத்துக்கொள்வது. 1789 ஆகஸ்டில், பிரெஞ்சுப் புரட்சியில் உருவான தேசிய சபையில் பேச எழுந்த ரபோ சேந்தெத்தியேன் அந்தச் சொல்லையே தூக்கி எறிந்தார். தான் கேட்பது சகிப்பை அல்ல, சுதந்திரத்தை என்றார். யூதர்களுக்கும் சேர்த்தே கேட்டார். வனாந்தரத்துக் கூட்டங்களில் வளர்ந்த பிள்ளை அவர், அந்தச் சொல்லின் எடை அவருக்குத் தெரியும். அன்று சபை ஏற்றுக்கொண்டது அவர் கேட்டதைவிடக் குறைவு. பொது ஒழுங்கைக் குலைக்காதவரை ஒருவரை அவருடைய கருத்துக்காக, மதக் கருத்தாக இருந்தாலும், தொந்தரவு செய்யக் கூடாது என்று மனித உரிமைப் பிரகடனத்தில் எழுதினார்கள். டிசம்பரில் புராட்டஸ்டன்டுகளுக்குப் பதவிகள் திறந்தன. 1790 மார்ச்சில் அதே ரபோ தேசிய சபையின் தலைவரானார். கிழக்குப் பகுதி யூதர்களுக்குக் குடியுரிமை கிடைக்க 1791 செப்டம்பர் வரை ஆனது.

1792 செப்டம்பர் 20 அன்று பதிவேடு பங்குக்கோயிலை விட்டு நகரசபைக்குப் போனது. பிறப்பும் கல்யாணமும் சாவும் இனி ஊர் அதிகாரியின் வேலை, மதம் கேட்கப்படாது.

ஆனால் அதற்குள் புரட்சி அரசு பாதிரியார்களிடம் ஒரு விசுவாசப் பிரமாணம் கேட்டிருந்தது. அதை எடுக்க மறுத்த கத்தோலிக்கப் பாதிரியார்கள் வேட்டையாடப்பட்டார்கள். ரபோ 1793 டிசம்பரிலும், விசாரணைக்கு நிறுத்தப்பட்ட பதினாறாம் லூயிக்காக வழக்காடிய மால்செர்ப் 1794 ஏப்ரலிலும் கில்லட்டினுக்குப் போனார்கள். நாட்டுப்புறங்களில் தானியக் களஞ்சியங்களுக்குள்ளும் காட்டு ஓரங்களிலும் இரவில் பூசை நடந்தது. பிறந்த குழந்தைகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார்கள் தாய்மார்கள். பாதிரியார் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு, பிடிபட்டால் உயிர் போகும் என்று தெரிந்தும், ஒரு சிறு நோட்டில் அந்தப் பெயரை எழுதிக்கொண்டார்.